புள்ளியக்காவும் ஒன்பதாவது கூடையும்

ஜெர்மனியில் எங்கள் புள்ளியக்காவிடம் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் வாங்கியவர் ஒருவரும் இல்லை. மனிதரை விடுங்கள், பனிகூட வாங்கவில்லை. முதல் பனி விழுந்த அன்று விடுதியிலிருந்த அத்தனை பேரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு நிற்க, அக்கா மட்டும் முற்றத்தில் இறங்கினார். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கையை உதறிவிட்டு மேலே வந்தார்.

"நாப்பத்திரண்டு" என்றார். "தூரத்திலை நிண்டு பாக்க வடிவுதான். கையிலை எடுத்தாத் தண்ணி."

எங்கள் பக்கத்தில் மார்க்கைப் புள்ளி என்போம். அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். வலைப்பந்து பழக்கியவர், நடுவராகவும் நின்றவர். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அது அகதி அலுவலகத்திலிருந்து வரும் கடித உறைகளில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் புள்ளியக்காதான்.

எண்பத்தாறாம் ஆண்டு. எர்லாங்கனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற சின்ன ஊர். அதன் ஓரத்தில் முன்பு சாராயக்கடையும் தங்குமிடமுமாக இருந்த ஒரு பழைய கட்டடத்தில் எங்களை வைத்திருந்தார்கள். ஹைம் என்று சொல்வார்கள். கீழே ஆண்கள், மேலே சில குடும்பங்கள், மூலையறையில் நானும் அக்காவும். எனக்கு இருபத்துமூன்று வயது, அவருக்கு முப்பது இருக்கும். நான் பெட்டியோடு அறைக்குள் நுழைந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"கயிறு கட்டின விதத்துக்கு இருபது" என்றார். பிறகுதான், "சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

அலுவலகம் கொடுக்கும் சாப்பாட்டுப் பொதிக்குப் பதினேழு. தேவாலய மணிக்கு முப்பத்தைந்து. "நேரம் சரி. ஆனா விடியப்பறம் இவ்வளவு கோவம் என்னத்துக்கு?" மொழிபெயர்ப்பாளராக வந்த ஒரு நாகரிகமான இந்தியப் பெரியவருக்கு எட்டு. அக்கா அழுதுகொண்டு சொன்ன ஒரு முழுக் கதையை அவர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டாராம்.

ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏன் அக்கா எல்லாத்துக்கும் புள்ளி போடுறியள்?"

"இஞ்சை எல்லாரும் எங்களுக்குப் புள்ளி போடுறாங்கள், பிள்ளை. நீ சொன்ன கதை உண்மையோ பொய்யோ, நீ இருக்கலாமோ போகவேணுமோ. நாங்களும் ஆருக்காவது போடவேண்டாமோ?" என்று சொல்லிவிட்டு, நான் வெட்டிய வெங்காயத்தைப் பார்த்தார். "முப்பது."

அக்காவுக்கு ஒரு தங்கச்சி. பெயர் கலா. அக்கா வந்து கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அவளும் புருஷன் நேசனும் நாங்கள் எல்லோரும் வந்த அதே வழியால் வந்தார்கள். கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்டில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, அங்கிருந்து அலுவலகம் பங்குபோட்ட இடத்துக்கு. அக்காவின் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, கலாவுக்குக் கிடைத்தது பக்கத்து லாண்ட்கிரைஸ். லாண்ட்கிரைஸ் என்றால் மாவட்டம் மாதிரி. எங்கள் ஊர் மேட்டில் ஏறி நின்றால் அந்த ஊர்த் தேவாலயத்தின் கூம்பு தெரியும். தெரியும், அவ்வளவுதான். அகதி மனு போட்டவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய லாண்ட்கிரைஸைத் தாண்டக்கூடாது. தாண்டவேண்டுமென்றால் அனுமதி எடுக்கவேண்டும்.

கலா பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்ததும் அக்கா அனுமதி கேட்டார். "உங்கள் தங்கைக்குக் கணவர் இருக்கிறார்தானே" என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அக்கா ஒரு சொல்லும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். அந்த ஊரில் இறங்கின இடத்திலேயே பொலிஸ் நின்றது. தங்கச்சியின் தெருவைக்கூடப் பார்க்காமல் பொலிஸ் வண்டியில் திரும்பி வந்தார். அபராதம். இரண்டாம் முறை பிடிபட்டால் அபராதமில்லை, நீதிமன்றம் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

அன்று மாலை கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பொலிஸ்காரனுக்கு நாப்பத்தெட்டு" என்றார். "மரியாதையாக் கதைச்சவன்."

அதுவரை ஜெர்மனியில் அவர் போட்ட ஆகக் கூடிய புள்ளி அதுதான்.

இனி உவேயைப் பற்றிச் சொல்லவேண்டும். எர்லாங்கன் பல்கலைக்கழக மாணவன். தென்னைமர உயரம், மஞ்சள் தாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்து எங்களுக்கு இலவசமாக ஜெர்மன் படிப்பிப்பான். அவன் ஒரு வருஷம் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தபோது ஒரு விளையாட்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். டிஸ்க் கோல்ஃப். பந்துக்குப் பதில் பிளாஸ்ரிக் தட்டு, குழிக்குப் பதில் கூடை. தட்டை எறிந்து எறிந்து, ஆகக் குறைந்த எறியில் கூடைக்குள் விழுத்தவேண்டும். அவனுடைய மாமா ஒருவருக்கு எங்கள் ஊருக்கு வெளியே காடு இருந்தது. அந்தக் காட்டுக்குள் உவேயும் கூட்டாளிகளும் பன்னிரண்டு கூடைகள் நட்டிருந்தார்கள். கோடையில் மாணவர்களைக் கூப்பிட்டுப் போட்டி வைக்க யோசனை.

"அதுக்கு முன் ஒரு விளையாட்டு ஆசிரியர் வந்து பார்த்து, இடம் எப்படி என்று சொல்லவேண்டும்" என்றான் அக்காவிடம். நான் தமிழில் சொன்னேன்.

அக்கா உடனே எழுந்தார். போய்ச் சேலையொன்றை எடுத்து, இஸ்திரிப்பெட்டி வைத்து மினுக்கத் தொடங்கினார். ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து அவரிடம் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு அரைமணி நேரம் நடந்து காட்டுக்குப் போனோம். நான், அக்கா, உவே. அக்கா மினுக்கின சேலைக்கு மேல் தேவாலயத்தார் கொடுத்த ஆம்பிளைக் கோட்டும், காலில் ரப்பர் சப்பாத்தும் போட்டிருந்தார். அக்கா தமிழில் சொல்வதை நான் ஜெர்மனில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. நான் பாதியைச் சொன்னேன். மீதியை விழுங்கினேன்.

முதலாவது கூடை ஒரு பைன் மரத்தடியில் நின்றது. ஒரு கம்பம், அதன் தலையில் பழைய சைக்கிள் வளையம், வளையத்தைச் சுற்றிச் சைக்கிள் சங்கிலிகள் தொங்கின. அதற்குக் கீழே கம்பிக்கூடை. உவே தூரத்தில் போய் நின்று தட்டை வீசினான். அது மரங்களுக்கு நடுவால் வளைந்து வந்து சங்கிலியில் பட்டு, கிலுங்கென்று கூடைக்குள் விழுந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அக்கா கம்பத்தைச் சுற்றி நடந்தார். பிடித்து உலுக்கினார். தன் தோளோடு உயரம் பார்த்தார்.

"உயரம் காணாது. இதிலை பாலர் வகுப்புப் பிள்ளையளும் போடும்."

"நல்லாயிருக்காம்" என்றேன் உவேயிடம்.

"அவருடைய முகம் அப்படிச் சொல்லவில்லையே" என்றான் அவன்.

அக்காவையும் எறியச் சொன்னான். அவர் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து, வலைப்பந்து கொடுப்பதுபோல் தள்ளினார். அது குசினியில் கைதவறி விழும் கோப்பைபோலப் புரண்டு அவர் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது எறி நேரே மேலே போய்ப் பைன் கிளையில் தங்கிவிட்டது. உவே மரத்தில் ஏறினான்.

"தட்டுக்குப் பதினெட்டு" என்றார் அக்கா, மேலே பார்த்தபடி.

இரண்டாவது கூடைக்கு முன்னால் குறுக்கே ஒரு பெரிய ஓக் மரம். அக்கா அதன் முன் நின்றார். "இந்த மரம் முதலே நிண்டதோ, பேந்து வைச்சதோ எண்டு கேள்."

"மரத்துக்கு இருநூறு வயதாவது இருக்கும்" என்றான் உவே பெருமையாக.

"அப்ப கூடையை வைச்சவனிலைதான் பிழை."

மூன்றாவது கூடையில் சங்கிலி எண்ணெய் அக்காவின் கையெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. உவே தன் சேட்டால் துடைக்கக் கொடுத்தான். நான்காவதில் ஏதோ செடி என் காலில் பட்டுச் சுட்டது. அக்கா குனிந்து பார்த்தார். "காஞ்சோண்டி" என்றார். அவர் குரலில் கிட்டத்தட்டச் சந்தோஷம் இருந்தது. "எங்கடை காஞ்சோண்டி மாதிரியே கடிக்குது. இதையும் கொண்டந்து வைச்சிருக்கிறாங்கள்." ஆனாலும் கூடைக்குப் புள்ளி குறைத்தார். பின்னால் வருகிறவனும் கால் சொறியவேண்டுமே.

ஆறாவது கூடைக்குப் போகிற வழியில் அக்கா சட்டென்று நின்று என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது. நானும் பார்த்தேன். மரங்களுக்கிடையில் நாலு கால் வைத்த உயரமான பலகைப் பரண். ஏறுவதற்கு ஏணி. முன்பக்கத்தில் நீட்டுக்குச் சின்ன ஜன்னல்.

"இது சென்றியெல்லே" என்றார் அக்கா மெதுவாக. காவலரணை நாங்கள் சென்றி என்றுதான் சொல்வோம்.

உவே திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. வேட்டைக்காரர் ஏறியிருந்து மான் பார்க்கிற இடம் அது என்று சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

"மேலை ஆரும் இருக்கினமோ எண்டு கேள்."

உவே ஏணியில் ஏறி உள்ளே போனான். ஜன்னலுக்குள்ளால் தன் தாடியையும் வெறுங்கைகள் இரண்டையும் நீட்டிக் காட்டினான். அதற்குப் பிறகுதான் அக்கா என் கையை விட்டார்.

"இதுக்கு நான் புள்ளி போடமாட்டன்" என்றார். "விளையாடப் போற பாதை இதுக்குக் கீழாலை போகக்கூடாது. அதை அவனுக்குச் சொல்லு."

அன்று நான் ஒரு சொல்லும் விழுங்காமல் மொழிபெயர்த்தது அதை மட்டும்தான். அடுத்த வாரம் போனபோது உவே பாதையைச் சுற்றித் திருப்பியிருந்தான்.

ஒன்பதாவது கூடைக்குப் பாதை சரிந்து இறங்கியது. கீழே ஒரு சிற்றாறு. எட்டிப் பத்து அடி வைத்தால் அக்கரை, நின்றால் முழங்காலளவு தண்ணீர். நடுவில் பாசி பிடித்த கற்கள். அக்கரை மேட்டில் ஒரு வெள்ளைப் பட்டை மரத்தடியில் கூடை நின்றது. இங்கிருந்து தண்ணீருக்கு மேலால் எறியவேண்டும். பிறகு கடந்து போய் எடுக்கவேண்டும். உண்மையிலேயே அழகான இடம்.

"எனக்குப் பிடித்தது இதுதான்" என்றான் உவே. கரையிலிருந்த ஒரு பழைய எல்லைக்கல்லைக் காட்டிச் சிரித்தான். "ஒரு லாண்ட்கிரைஸில் நின்று எறிந்து அடுத்த லாண்ட்கிரைஸில் போடுகிறோம்."

நான் யோசிக்காமல் அதைத் தமிழில் சொல்லிவிட்டேன். அக்கா அப்போது சேலையைத் தூக்கிப் பிடித்து ஒரு காலைக் கல்லில் வைத்திருந்தார். வைத்த காலை எடுத்துவிட்டார்.

"அந்தப் பக்கம் எந்த லாண்ட்கிரைஸ்?"

உவே பெயரைச் சொன்னான். கலாவினுடையது.

உவேயிடம் விஷயத்தைச் சொன்னேன். தன் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவன் காதுகள் சிவந்துபோயின. "காட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு நிமிடம் போய் வரலாம்" என்றான்.

"ஒருக்காப் பிடிபட்டிட்டன்" என்றார் அக்கா. "இனிப் பிடிபட்டா வழக்கு. என்ரை அகதி வழக்கும் கலாவின்ரை வழக்கும் ஒரே கதை. என்னிலை கறுப்புப் புள்ளி விழுந்தா அவளிலையும் விழும். வயித்துப் பிள்ளையோடை வந்தவள், இப்ப கைப்பிள்ளையோடை இருக்கிறாள்."

பிறகு ஒன்றுதான் கேட்டார். "இதிலையிருந்து அவளின்ரை ஊருக்கு எவ்வளவு தூரம்?"

"முக்கால் மணி நேர நடை" என்றான் உவே.

பத்தாவதும் பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் இந்தக் கரையில்தான். அக்கா அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனார். காட்டைவிட்டு வெளியே வந்ததும் உவே தயங்கித் தயங்கி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டான்.

"பாத்து முடியேல்லை" என்றார் அக்கா. "வாற ஞாயிறும் வரவேணும்."

அடுத்த நாள் சந்தியிலிருந்த மஞ்சள் ரெலிபோன் கூண்டுக்குள் நானும் அவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். கலாவின் ஹைமில் யாரோ எடுத்து, யாரோ கூப்பிட்டு, கடைசியில் கலா வந்தாள். பிள்ளை பிறந்து அப்போது ஐந்தாறு கிழமைதான். அக்கா இன்னும் பார்க்கவில்லை.

"கலா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வா."

 கலாவின் குரல் எனக்கும் கேட்டது. "அக்கா, உனக்குச் சுகமில்லையோ?"

வந்தார்கள். கலா, நேசன், தேவாலயப் பெண்கள் யாரோ கொடுத்த பழைய பிள்ளைவண்டில். நேசன் எதற்கும் பயப்படுகிற மனிதர். தன் நிழல் லாண்ட்கிரைஸுக்கு வெளியே விழுகிறதா என்று பார்த்து நடப்பார் என்று கலா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். அன்று அவர் வேரும் கல்லுமாக இருந்த பாதையில் அந்த வண்டிலை அரைவாசி தள்ளி, அரைவாசி தூக்கிக் கொண்டுவந்தார்.

இரண்டு சகோதரிகளும் ஒருவரையொருவர் பார்த்து மூன்று வருஷம். இடையில் தண்ணீர்.

"அக்கா" என்றாள் கலா.

"பிள்ளைக்குத் தொப்பி எங்கை?" என்றார் அக்கா.

"வண்டிலுக்குள்ளை கிடக்கு."

"வண்டிலுக்குக் குளிராது. பிள்ளைக்குப் போடு."

கலா போட்டாள். பிறகு கரையோரம் வந்து நின்றாள். "மெலிஞ்சு போனாய் அக்கா. இஞ்சாலை வாவன்."

"வரேலாது."

"ஆரும் இல்லை இஞ்சை."

"இல்லையெண்டு உனக்கெப்பிடித் தெரியும்? நான் போனமுறையும் அப்பிடித்தான் நினைச்சு பஸ்ஸாலை இறங்கினனான்."

அவர் வாய் மூடவில்லை, அக்கரை மேட்டில் ஒரு கிழவர் தோன்றினார். பச்சைத் தொப்பி, கையில் தடி, காலடியில் ஒரு குள்ள நாய். நேசன் மரமாகிவிட்டார். உவேதான் முதலில் சுதாரித்தான். கையிலிருந்த தட்டை அக்கரைக்கு வீசி, "எறி, எறி" என்றான் நேசனிடம். நேசன் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படியொரு சாமானைத் தொட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். அது மரத்தில் ஏறிக்கொண்டது. உவே இன்னொன்றை வீசினான். அதையும் மரத்தில் ஏற்றினார். நான் எறிந்தேன், கலா எறிந்தாள். உலகத்தில் எங்களைவிட அக்கறையாக அந்த விளையாட்டை ஒருவரும் விளையாடியிருக்கமாட்டார்கள்.

கிழவர் நின்று பார்த்தார். இது என்ன என்று கேட்டார். உவே வாயைத் திறக்கும் முன் அக்கா தன்னிடமிருந்த ஜெர்மன் சொற்களைப் பொறுக்கி எடுத்தார். "விளையாட்டு. புதிது. நல்லது." அக்காவின் வாயிலிருந்து எதையும் 'நல்லது' என்று நான் கேட்டது அன்றுதான், அதுவும் ஜெர்மனில்.

கிழவர் வண்டிலைப் பார்த்தார். இந்தக் கரையில் ஒரு சேலை, அந்தக் கரையில் ஒரு சேலை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன விளங்கியதோ தெரியாது. தொப்பியைத் தொட்டுவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் மூச்சு விட்டோம். அக்கா மட்டும் வேறேதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"நேசன், பிள்ளைக்கு அன்ட்ராக் போட்டாச்சோ?" அன்ட்ராக் என்றால் மனு. பிறக்கிற பிள்ளைக்கும் நாங்கள் தனியாகப் போடவேண்டும்.

"இன்னும் இல்லையக்கா. டெர்மின் வாற மாசம்தான் தந்தவங்கள்" என்றார் நேசன். அலுவலகத்தில் நாள் குறித்துக் கொடுப்பதுதான் டெர்மின்.

"அப்ப பிள்ளையின்ரை பேர் ஒரு பேப்பரிலையும் இல்லை."

"இல்லை."

"அப்ப அதுக்கு லாண்ட்கிரைஸ் இல்லை" என்றார் அக்கா. "ஜெர்மனியிலை இண்டைக்கு நினைச்ச இடத்துக்குப் போய் வரக்கூடிய ஒரே தமிழ்ப்பிள்ளை அதுதான். அதை இஞ்சாலை தரச் சொல்லு."

நேசன் யோசித்தார். சட்டப்படி அதில் ஓட்டை ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. நான் உவேக்குச் சொன்னேன். அவன் உடனே சப்பாத்தைக் கழற்றினான், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்தான், ஆற்றில் இறங்கினான். கலா பிள்ளையைத் துணியோடு அவன் கையில் கொடுத்தாள். அவன் அதற்கு முன் பிள்ளை தூக்கியிருக்கமாட்டான். ஒரு பெரிய தட்டை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு நின்றான்.

"தலை" என்றார் அக்கா இந்தக் கரையிலிருந்து. "தலையைப் பிடி. தலை, தலை."

தமிழில்தான் சொன்னார். உவேக்கு விளங்கியது. ஒரு கையைத் தலைக்குக் கீழே கொடுத்து, ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவித் தடவி வந்தான். நடு ஆற்றில் பிள்ளை அவன் தாடியைப் பிடித்துக்கொண்டது. அவன் தாடியை விடுவிக்கவில்லை, அப்படியே குனிந்தபடி வந்து சேர்ந்தான்.

அக்கா பிள்ளையை வாங்கினார். கொஞ்சவில்லை. போட்டிக்கு முன் தன் அணியைப் பார்ப்பதுபோல் உள்ளங்காலைப் பார்த்தார், உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு பிள்ளையின் கழுத்துக்குள் முகத்தை வைத்தார். வைத்த முகத்தை எடுக்கவில்லை. பிள்ளை வீரிட்டு அழுதது. "ஓம்" என்றார் அக்கா. "ஓம், ஓம்." அக்கரையில் கலா வண்டில் சில்லோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள். நேசன் காட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காவலுக்கு என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது.

"பால் நேரம். கொண்டுபோய்க் குடு" என்று கடைசியில் அக்கா பிள்ளையை உவேயிடம் நீட்டினார். உவே வாங்கிக்கொண்டு, எங்களிடம் பொறுக்கிய ஒரே தமிழ்ச் சொல்லில் கேட்டான். "புள்ளி?"

"விசரா உனக்கு? பிள்ளைக்கு ஆரும் புள்ளி போடுவினமோ" என்று அக்கா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் பிள்ளை ஆற்றைக் கடந்து வந்து போனது. டெர்மின் வந்தது. பிள்ளைக்கும் படம் ஒட்டி, முத்திரை குத்தி, பேப்பர் கொடுத்தார்கள். அன்றோடு அதுவும் எங்களில் ஒன்றாகிவிட்டது. அந்த ஞாயிறு உவே இறங்கிப் போனபோது நேசன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்காவும் வற்புறுத்தவில்லை. பிள்ளையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, இந்தக் கரையிலிருந்து பார்த்தார்.

உவேக்கு அது பொறுக்கவில்லை. ஒன்பதாவது கூடையைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டுவிட்டால் அக்காவும் முழு ஆட்டம் ஆடலாம் என்று மண்வெட்டியோடு வந்தான்.

"தொடாதேங்கோ அதை" என்றார் அக்கா. "மற்றப் பதினொண்டும் பிழை. இது ஒண்டுதான் சரியான இடத்திலை நிக்குது."

ஆட்கள் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும். கலா அந்தக் கூடைக்காக வருகிறாள், அக்கா அந்தக் கூடைக்காக வருகிறார். அந்தக் கோடை முழுக்க இரண்டு பேரும் ஆற்றுக்கு இருபக்கமும் நின்று தட்டு எறிந்தார்கள். அக்கா எறிவார். கலா எடுத்துத் திருப்பி எறிவாள். ஊர்க்கதை, வழக்குக் கதை, பிள்ளைக்கு வயிற்றோட்டம் எல்லாம் தட்டோடு தட்டாகப் போய் வந்தன. ஒருமுறை அக்கா தட்டின் அடியில் பருத்தித்துறை வடையைப் பொதிந்து ஒட்டி எறிந்தார். அது பாதி வழியில் பாரம் தாங்காமல் ஆற்றில் விழுந்தது. உவே நனைந்த வடையை எடுத்துத் தின்று பார்த்து, "அறுபது" என்றான். அக்காவுக்கு அவன்மேல் கோபம் வந்தது அன்று மட்டும்தான். அவ்வளவு தாராளமாகப் போடக்கூடாதாம்.

இலை உதிரத் தொடங்கிய ஒரு ஞாயிறு கலா தட்டைத் திருப்பி எறியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, வாற கிழமை நாங்கள் வெளிக்கிடுறம். கனடாவுக்கு."

எப்படி, யார் மூலம் என்று அந்தக் காலத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அக்காவும் கேட்கவில்லை. "பிள்ளைக்குக் கம்பளி வாங்கினியளோ?" என்றார்.

கலா தட்டைக் கீழே போட்டாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றினாள். செருப்பைக் கழற்றினாள்.

"நில்" என்றார் அக்கா. "அங்கையே நில், கலா. வராதை எண்டு சொல்லுறன்."

"எங்களுக்கு இனி இஞ்சை வழக்கு இல்லை அக்கா. என்னைப் பிடிச்சு என்ன செய்யப் போறாங்கள்? நாட்டைவிட்டு அனுப்புவாங்களோ? அதுதானே நானே போறன்."

"சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. கல்லு வழுக்கும். பிள்ளையோடை விழப்போறாய். சின்னனிலையிருந்து சொன்ன சொல்லு ஒண்டு கேட்டதில்லை நீ..."

கலா வந்துகொண்டேயிருந்தாள். அக்கா பேசிக்கொண்டேயிருந்தார். கலா கரையேறி, பிள்ளையோடு அவரைக் கட்டிப்பிடித்த பிறகும் கலாவின் தோளுக்குள் அந்த ஏச்சு கேட்டுக்கொண்டிருந்தது. சொற்கள் விளங்கவில்லை. உவே எங்கள் கரையில் பத்தாவது கூடைக்குப் போய், துடைக்கத் தேவையில்லாத சங்கிலிகளைத் துடைக்கத் தொடங்கினான்.

நேசன் அக்கரையில் வெறும் வண்டிலோடு தனியாக நின்றார். பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அந்த மனிதர், நிழலுக்கும் பயந்த மனிதர், வண்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சப்பாத்தோடு ஆற்றில் இறங்கி வந்துவிட்டார்.

அக்கா கொண்டுவந்த புட்டைத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றில் போட்டுச் சாப்பிட்டோம். காட்டுக்குள் வெளிச்சம் குறையும்வரை ஐந்து பேரும் பிள்ளையும் ஒரே லாண்ட்கிரைஸில் இருந்தோம். அன்று ஒருவரும் பாதையால் வரவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபிறகும் அக்கா சில நாட்கள் எதற்கும் புள்ளி போடவில்லை. சூப்புக்கு இல்லை, மழைக்கு இல்லை. கீழிருந்த ஆண்கள் என்னிடம் வந்து, அவவுக்கு ஏதாவது செய்கிறதோ என்று விசாரித்தார்கள். ஒருநாள் காலை குசினியில் யாரோ போட்ட கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இருபத்தாறு" என்றார். கோப்பி போட்டவர் சந்தோஷத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வருஷம் என் மனு ஏற்கப்பட்டது. நான் எங்கேயும் போகலாம். அக்காவுடையது இழுபட்டது. வேறு ஊரில் வேலைகூட எனக்குக் கிடைத்தது, ஆனாலும் ஞாயிறுகளில் அந்த ஊருக்கு வந்துவிடுவேன். இருவரும் காட்டுக்குப் போவோம். உவேயின் கூட்டாளிகள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே விளையாடிக்கொண்டிருப்பார்கள். அக்கா நேரே ஒன்பதாவதுக்குப் போவார். இப்போது நன்றாகவே எறிவார். எறிந்த தட்டை யாராவது கடந்து போய் எடுத்துவர வேண்டுமே, அதை நான் செய்வேன். தண்ணீர் குளிராக இருக்கும். போகும்போதும் வரும்போதும் இந்தக் கரையிலிருந்து ஏச்சு விழும். பாவாடையைத் தூக்கு, அந்தக் கல்லிலை வையாதை, அவசரப்படாதை.

எண்பதுகள் முடியும்போது அவருக்கும் பேப்பர் கிடைத்தது. கனடாவுக்குப் போய்க் கலாவோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அங்கே தங்காமல் திரும்பி வந்தார். ஜெர்மனியின் வடக்கே ஒரு ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறார் என்று அறிந்தேன். ஜெர்மன் பிள்ளைகள் அவரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்கவில்லை.

எனக்கு உடன்பிறந்தவர்கள் எல்லோரும் அண்ணன்மார். இந்த நாட்டில் வைத்தியரிடம் போனாலும் அலுவலகம் போனாலும், சகோதரிகள் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி கேட்பார்கள். இல்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சொல்வதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கிறது.